ஒரு வக்து ஆறட்டும்

வாட்ஸ்அப்பில் கமர்ஜஹான் டீச்சர் அதிகமாகப் பேசுவது யாரிடம் என்று கேட்டால், அவளிடமேதான். தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ள அதில் ஒரு வசதி இருக்கிறது. மளிகைச் சீட்டு, கேஸ் பதிவு எண் என்று மறந்துபோகக் கூடியதையெல்லாம் ஜனங்கள் அதில் போட்டுவைப்பார்கள். கமர்ஜஹான் போட்டுவைத்தது வேறு. பிறந்தநாள் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, ‘சூப்பர் மேடம்’, ‘சரிங்க சார்’ என்று உலகத்துக்குச் சொல்ல நினைத்த அத்தனையும் முதலில் அங்கே போய் உட்காரும். ஒரு வக்து, அதாவது ஒரு தொழுகை நேரத்திலிருந்து அடுத்தது வரும்வரை, உட்கார்ந்திருக்கும். மதியம் லுஹர் தொழுகையை ஒட்டி எழுதியது அஸர் பாங்கு சொல்லும்வரை. அஸரில் எழுதியது மஃரிப்வரை. பாங்கு கேட்டதும் எடுத்து இன்னொரு தடவை படிப்பாள். பயம் வரவில்லையென்றால் அனுப்புவாள். பெரும்பாலும் பயம் வந்துவிடும், அழித்துவிடுவாள்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் அவள் வீட்டுக்காரர் சிக்கந்தர். பேகம்பூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். புதுக் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றி, அது காயும் முன்னால் கரண்டு கொடுத்தால் புகைந்து போய்விடும் என்பது தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதை அப்படியே தூக்கிவந்து வீட்டிலிருந்த மூன்று போன்களுக்கும் மாட்டிவிட்டார்.

“எதை எழுதுனாலும் ஒரு வக்து ஆறட்டும். ஆறுனதுக்கப்புறம் அனுப்பு. அனுப்புனதும், எழுதிப் பார்த்ததையெல்லாம் அழிச்சிரு. மிச்சம் மீதி இருக்கக் கூடாது.”

இதற்கெல்லாம் காரணம் ஒரு தர்பூசணி. சிக்கந்தரின் தங்கை மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஏதோ ஒரு வெளியூரில் லாரியை நிறுத்தி, வெயில் தாங்காமல் ஒரு தர்பூசணியைப் பிளந்தான். செக்கச்செவேலென்று இருந்ததே என்று படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தான். எங்கேயோ சண்டை நடக்கிற நாட்டுக்கு ஆதரவு தெரிவிக்கிற அடையாளம் அது என்று யாரோ புகார் எழுதிப்போட்டார்கள். அந்த ஊரிலேயே அவனை உட்காரவைத்து, பொழுது சாயும்வரை விசாரித்து, இனிமேல் வைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எதை வைக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தாய் என்று வீட்டில் கேட்டதற்கு, தர்பூசணியை என்றான். சிரிப்பதா அழுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோடை முழுக்க சிக்கந்தர் வீட்டுக்குத் தர்பூசணி வரவில்லை. வீட்டுக்குள்ள தின்னா எவன் பார்க்கப்போறான் என்று மகள் நுஸைபா கேட்டாள். அவரிடம் பதிலும் இல்லை, பழமும் இல்லை.

கமர்ஜஹான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். ஊருக்குள்ளேயே ஒரு தனியார் பள்ளிக்கூடம், பதினாறு வருஷ சர்வீஸ். ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் முப்பத்திரண்டு பேர். துலுக்க வீட்டுப் பெயர் இவளுடையது ஒன்றுதான்.

அந்த முப்பத்திரண்டில் ஒருத்தி பவித்ரா. கணக்கு டீச்சர், இவளைவிட ஒன்பது வயது சின்னவள். வடமதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே டப்பாச் சோறு, ஒரே தலைவலித் தைலம். பவித்ராவின் வழி கமர்ஜஹானின் வழிக்கு நேர் எதிர். மனதில் வந்ததை எழுதி முடிக்கும் முன்னாலேயே அனுப்பிவிடுவாள். பாதி வாக்கியம் முதலில் வரும், மீதி பின்னால் வரும், ‘ஐயோ தப்பா போட்டேன்’ மூன்றாவதாக வரும். கமர்ஜஹானுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்போடு கொஞ்சம் பொறாமையும் வரும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வடக்கே ஒரு ஊர்ச் சந்தையில் குண்டு வெடித்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். டிவியில் ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பைக் காட்டினார்கள். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே அழுதாள் கமர்ஜஹான். அன்றைக்கே எழுதினாள், ஆறப்போட்டாள், அழித்தாள். எழுதினால், நடிக்கிறாள் என்பார்கள். எழுதாவிட்டால், பார் வாயே திறக்கவில்லை என்பார்கள். புதன்கிழமையும் எழுதி அழித்தாள். வியாழக்கிழமை விளையாட்டு வாத்தியார் பிரபு குரூப்பில் ஒரு வரி போட்டார்: ‘பேசாம இருக்கிறவங்க மனசுல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்.’ யார் பெயரும் இல்லை. பெயர் எதற்கு? அன்றைக்குப் பூராவும் எட்டாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தும்போது இலைக்கு என்ன நிறம் என்பதைச் சொல்லக்கூட அவளுக்கு நாக்குத் தடுக்கியது. பச்சை என்று சொன்னால் அதுவும் வினையாகிவிடுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை விடுமுறை. பகல் பன்னிரண்டுக்கு பவித்ராவிடமிருந்து குரூப்பில் செய்தி வந்தது.

‘அப்பா போய்ட்டாக. நாளைக்கி பத்து மணிக்கி எடுக்குறோம்.’

கமர்ஜஹான் உடனே பவித்ராவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. சாவு வீட்டில் போனை யார் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டு, எழுதத் தொடங்கினாள்.

மரணச் செய்தி கேட்டால் அவள் வாய் தானாகச் சொல்வது ‘இன்னா லில்லாஹி’. எல்லாரும் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று பொருள். வாய் சொன்னதை விரலும் பாதி எழுதிவிட்டது. அரபு வார்த்தை, அதுவும் இந்த வாரத்தில்! உடனே அழித்தாள்.

‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதினாள். குரூப்பைப் பார்த்தால் அதற்குள் இருபது பேர் அதையே போட்டு, கும்பிடுகிற கையும் வைத்திருந்தார்கள். இருபத்தோராவது ஆழ்ந்த இரங்கலா அந்த மனுஷனுக்கு? வேண்டாம். ‘அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று எழுதினாள். நம் மார்க்கத்தில் அப்படிச் சொல்லலாமா கூடாதா என்று அடுத்த கவலை வந்தது. பிரபு வாத்தியாருக்குப் பயந்தது போதாதென்று இதையெல்லாம் கண்டுபிடித்துக் கேட்கிற நாத்தனாருக்கும் பயப்பட வேண்டியிருந்தது.

அப்புறம் யோசிக்காமல் ஒன்றை எழுதினாள்.

பவித்ராவின் அப்பா பொன்னுச்சாமியை அவளுக்கு எட்டு வருஷமாகத் தெரியும். சின்ன வெங்காயமும் கத்தரிக்காயும் போடுகிற சம்சாரி. கட்டைக் குரல். காதில் போட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர். நான்கு வருஷத்துக்கு முன்னால் கமர்ஜஹானைப் பெற்ற அத்தா மவுத்தானபோது, வடமதுரையிலிருந்து வந்து, சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்து, அடக்கம் செய்யும் கபரஸ்தான்வரைக்கும் நடந்தார். மூன்று பிடி மண் போட வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டார். எல்லாரும் மனதுக்குள் ஓதிக்கொண்டு கம்மென்று நிற்க, இவர் மட்டும் விருந்தாளியை பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாராம், “போயிட்டு வாங்கய்யா!” செத்தவரைப் பார்த்து யாராவது வாங்க என்று சொல்வார்களா? அங்கிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தம்பி அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அந்தச் சொல்லில் உடைந்து ஓவென்று அழுதானாம். கபரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. தம்பி வந்து சொல்லித்தான் கமர்ஜஹானுக்குத் தெரியும்.

அவள் எழுதியது இது: ‘எங்க அத்தாவை வழியனுப்பினப்போ நீங்க சத்தமாச் சொன்னீங்க, போயிட்டு வாங்கய்யான்னு. இன்னைக்கு நான் சொல்றேன். போயிட்டு வாங்கப்பா.’

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதுகாப்புக்கு இன்னொன்றும் எழுதிவைத்தாள்: ‘இறைவன் உங்கள் குடும்பத்துக்குப் பொறுமையைத் தரட்டும்.’ எல்லாம் அவள் தனக்கே எழுதிக்கொள்ளும் பெட்டியிலேயே வரிசையாக உட்கார்ந்தன. லுஹர் பாங்கு சொன்னார்கள். வக்து ஆறட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அஸர் பாங்கு கேட்டதும் எடுத்தாள். வழக்கம்போல மறுபடி படித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னும் தள்ளிப்போட்டால் பவித்ரா என்ன நினைப்பாள்? ஒன்றைத் தொட்டு நகல் எடுத்து, குரூப்பைத் திறந்து, கீழே ஒட்டி, அனுப்பினாள். உடனே தன் பெட்டிக்கு வந்து, சட்டப்படி எழுதிப் பார்த்த எல்லாவற்றையும் துடைத்தாள். கடமை முடிந்தது என்று பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் குரூப்பை நிதானமாகப் பார்த்தாள்.

இந்த மூன்றரை மணி நேரத்தில் குரூப் வேறெங்கோ போயிருந்தது. பவித்ராவின் செய்தியும் இரங்கல்களும் எங்கேயோ மேலே போய்விட்டன. கடைசியாக, ஒரு நிமிஷத்துக்கு முன்னால், பிரபு ஒரு படம் போட்டிருந்தார். குண்டு வைத்ததாகப் பிடிபட்டவனின் படம். தாடி வைத்த பையன். ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே, ஒட்டினாற்போல, கமர்ஜஹானின் செய்தி.

அந்த முகத்துக்குக் கீழே அவள் பெயர்! என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்கவே இல்லை. விரலால் அழுத்தி, எல்லாருக்கும் அழி என்பதைத் தொட்டாள். செய்தி போய்விட்டது. ஆனால் போன இடம் போகவில்லை. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு பட்டை, அவள் பெயரோடு, அந்தப் பையனின் தாடிக்குக் கீழே நிலையாக உட்கார்ந்துகொண்டது.

இரண்டு நிமிஷம் கழித்து பிரபு எழுதினார். ‘என்ன மேடம், போட்டதை எடுத்துட்டீங்க? சும்மா சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறோம்.’ பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்கு மேல் குரூப்பில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அதுதான் மோசம். முப்பத்தொரு பேரும் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

நுஸைபா கல்லூரியில் முதல் வருஷம். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

“எதைம்மா அனுப்புனே?”

“தெரியலடி.”

“தெரியலயா? நீதானே அனுப்புனே?”

“நாலஞ்சு எழுதி வச்சிருந்தேன். அதுல ஒண்ணு.”

“அந்த நாலஞ்சு எங்க?”

“அழிச்சிட்டேன்.”

நுஸைபா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கமர்ஜஹானுக்கு நிஜமாகவே நினைவு வரவில்லை. அத்தா என்று எழுதியதா, பொறுமை என்று எழுதியதா? பவித்ராவின் அப்பாவைப் பற்றியதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வார்த்தைகள்? ஆன்மா சாந்தியடையட்டும் என்பது அந்தப் படத்துக்குக் கீழே போயிருந்தால்? யாராவது அதற்குள் படித்திருந்தால்? இல்லை, யாருமே படிக்காமல் இருந்தால்? எது நல்லது என்றே அவளுக்குப் புரியவில்லை.

“அவுக போட்டதுக்கு ரிப்ளையா அனுப்பியிருக்கலாம்ல? சரி, இப்பத் திரும்பப் போடு. பவித்ரா மிஸ் அப்பாவுக்குன்னு.”

“இப்பப் போட்டா, மாத்திப் போட்டதாச் சொல்லுவாக.”

“அப்பப் போடாத.”

“போடலன்னா பவித்ரா என்னை என்னான்னு நெனைப்பா? எல்லாரும் சொல்லியாச்சு, நான் மட்டும் சொல்லல.”

“அப்பப் போடு!”

“நீ செத்த நேரம் சும்மா இருடி, எனக்கு மண்டை குழம்புது.”

சிக்கந்தர் மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் முதலில் கேட்டது, “யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாகளா?” என்றுதான். கேட்டுவிட்டு அவரே யோசித்தார். எடுத்திருந்தால் அதில் இரங்கல்தானே இருக்கும், நல்லதுதானே? எடுக்கவில்லையென்றால் இரங்கல்தான் என்று எப்படி நிரூபிப்பது? இரண்டு வருஷமாக எவனும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடக் கூடாது என்று பயந்த குடும்பம், அன்றைக்குச் சாயங்காலம் எவனாவது எடுத்திருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஏழு மணிக்குத் தலைமையாசிரியை கிளாராவின் போன் வந்தது. நல்ல பெண்மணி. எதையும் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் கேட்பார்.

“கமர் மேடம், குரூப்ல என்னமோ போட்டீங்களாமே?”

“பவித்ரா அப்பாவுக்கு இரங்கல் மேடம். வேற ஒண்ணுமில்ல, சத்தியமா.”

“நான் நம்புறேன். எனக்கு ஒங்களைத் தெரியாதா? ஆனா கேக்குறவங்க வேற மாதிரி கேக்குறாங்க. இரங்கலை எதுக்கு அழிக்கணும்னு கேக்குறாங்க.”

கமர்ஜஹான் வாயைத் திறந்தாள். பதினாறு வருஷமாகப் பிள்ளைகளின் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள். இரங்கலை எதற்கு அழிக்க வேண்டும்? எளிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் தர்பூசணியிலிருந்து தொடங்க வேண்டும்.

“தப்பான எடத்துல விழுந்துருச்சு மேடம்” என்றாள்.

“எந்த எடத்துல?”

“அந்த... படத்துக்குக் கீழ.”

கிளாரா மறுபடி தொண்டையைச் செருமினார். “சரி விடுங்க. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்” என்று வைத்துவிட்டார். என்னத்தைத் திங்கட்கிழமை பார்ப்பார்கள் என்பது தெரியாமல் கமர்ஜஹான் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடுமோ என்று ஒரு நிமிஷம் பயந்தாள். அடுத்த நிமிஷம், வேலை போனால் போகட்டும், பவித்ரா போய்விடக் கூடாது என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை சிக்கந்தர், “போக வேணாம்னு சொல்லல. இன்னைக்கு இருக்குற நெலமையில...” என்று இழுத்தார்.

“எங்க அத்தாவை அவுக தூக்குனாக” என்றாள். அவர் வண்டிச் சாவியை எடுத்தார். கறுப்பு அங்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள், கடைசியில் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது சிக்கந்தர், “ஒண்ணும் பேசாத கமரு. மொகத்தைப் பார்த்துட்டு வந்துரு” என்றார்.

வடமதுரையில் இறங்கி ஆட்டோவில் போனாள். ஊர் முகப்பிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. வாசலில் பந்தல், வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் பிரபு வாத்தியார். முதல் நாள் ராத்திரியே வந்து, ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்து, விடிய விடியக் கூட இருந்தாராம். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. இவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க.”

வேறொன்றும் கேட்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் கமர்ஜஹானுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்காருவதா வேண்டாமா என்று குழம்பி, பாதி உட்கார்ந்து, எழுந்து, உள்ளே போனாள்.

பொன்னுச்சாமி கண்ணாடிப் பெட்டிக்குள் நெற்றி நிறையத் திருநீறோடு படுத்திருந்தார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. இப்போதுகூட ஏதோ சத்தமாகச் சொல்லப்போகிறவர் மாதிரி இருந்தார். அந்த வாயைப் பார்த்ததும், நேற்றிலிருந்து மண்டையைப் பிறாண்டியும் வராத ஞாபகம் பளிச்சென்று வந்தது. அனுப்பியது அதைத்தான். போயிட்டு வாங்கப்பா. ஒரு எழுத்து விடாமல் நினைவுக்கு வந்துவிட்டது. அதைத்தான் எடுத்திருக்கிறாள், அதைத்தான் அனுப்பியிருக்கிறாள், அதைத்தான் அழித்திருக்கிறாள்.

பவித்ரா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கமர்ஜஹானைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தாள் இவள். பவித்ரா கட்டிக்கொள்ளவில்லை, கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு வாசற்படி ஓரமாகக் கூட்டிவந்தாள்.

“கமருக்கா, நேத்து குரூப்ல ஒண்ணு போட்டு அழிச்சீங்களே. அது எங்கப்பாவுக்குத்தானே?”

“ஆமாடி. சத்தியமா.”

“எனக்குத் தெரியும்க்கா. அவுங்க என்னென்னமோ சொல்றாங்க, நான் காதுலயே வாங்கல. ஆனா ஒண்ணே ஒண்ணு. ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். எல்லாரும் ஆழ்ந்த இரங்கல் ஆழ்ந்த இரங்கல்னு போட்டாங்க. நீங்க வேற ஏதோ எழுதியிருப்பீங்க. எங்கப்பாவைத் தெரிஞ்சு எழுதுற ஆளு நீங்க ஒருத்தர்தான். என்னக்கா எழுதுனீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வரி. கமர்ஜஹான் மூச்சை இழுத்தாள். அப்போது பார்த்து, படிக்குக் கீழே டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பிரபு நிமிர்ந்தார். பந்தலில் பள்ளிக்கூடத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அத்தா என்ற சொல் இங்கே எப்படிக் கேட்கும்? இந்துச் சாவில் நின்று துலுக்கச் சாவைப் பற்றிப் பேசலாமா? செத்தவரைப் பார்த்து வாங்க என்றால் சொந்தக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? வார்னிஷ் காயவில்லை என்று உள்ளுக்குள் யாரோ சொன்னார்கள். எல்லாம் ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நான்கைந்து வரிகள் அவள் வாய்க்குள்ளேயே எழுதப்பட்டு அழிக்கப்பட்டன. மிச்சமிருந்தது வெளியே வந்தது.

“ஆழ்ந்த இரங்கல்னுதான் போட்டேன் பவி.”

பவித்ரா அவள் முகத்தையே பார்த்தாள்.

“அதுக்கா அழிச்சீங்க?”

கமர்ஜஹானுக்கு இல்லைடி, இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. பவித்ரா கையை விட்டுவிட்டாள். கோபமாக விடவில்லை. வேலை முடிந்துபோன மாதிரி விட்டாள். உள்ளேயிருந்து யாரோ நீர்மாலைத் தண்ணி எடுக்க நேரமாச்சு என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கம் அன்றைக்குக் கமர்ஜஹானுக்குத் தோதாகப் போயிற்று. பாடை கிளம்பித் தெரு திரும்பும்வரை நின்றாள். கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, இப்போதாவது சொல்லலாம் என்று நினைத்தாள். உதடு அசைந்ததா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. பஸ் ஏறினாள்.

சாயங்காலம் அஸர் கழிந்து குரூப்பில் பவித்ராவிடமிருந்து செய்தி வந்தது. வழக்கமாக மூன்று துண்டாக வருகிறவள், நிதானமாக ஒரே செய்தியாக எழுதியிருந்தாள்.

‘கமர்ஜஹான் மேடம் நேற்று பதிவிட்டது என் தந்தைக்கான ஆழ்ந்த இரங்கல் மட்டுமே. யாரும் தவறாக நினைக்க வேண்டாம். நன்றி.’

ஒரு நிமிஷத்தில் பிரபு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ‘ஸாரி மேடம், தப்பா எடுத்துக்காதீங்க’ என்றும் எழுதினார். கிளாரா கும்பிடுகிற கை போட்டார். வரிசையாகப் பதினான்கு கட்டைவிரல்கள் விழுந்தன. சிக்கந்தர் அதைப் படித்துவிட்டு, “அப்பாடா, அல்லாஹ் காப்பாத்துனான். நல்ல புள்ள” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

எட்டு வருஷத்தில் பவித்ரா அவளை மேடம் என்று சொன்னதில்லை. கமர்ஜஹான் அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரிடமிருந்தும் தப்பித்தாகிவிட்டது. அவளைத் தப்பிக்க வைத்தது அவளுடைய பொய்தான், பவித்ரா அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சந்தோஷப்படுவதா? வெட்கப்படுவதா? நன்றி என்று எழுதுவதா? எதற்கு நன்றி?

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நுஸைபா, அம்மா வந்து நின்றதைப் பார்த்தாள்.

“ம்மா, இப்பவாச்சும் சொல்லு. நெசமா என்னதான் எழுதியிருந்தே?”

கமர்ஜஹான் சொன்னாள். கபரஸ்தானில் பொன்னுச்சாமி போட்ட மூன்று பிடி மண்ணை, திடுக்கிட்டுத் திரும்பினவர்களை, தம்பி ஓவென்று அழுததை. கடைசியில் அந்த வரியையும் சொன்னாள். போயிட்டு வாங்கப்பா. சொல்லும்போது குரல் உடைந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு உரக்க வந்துவிட்டது.

நுஸைபா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இதைத்தானேம்மா அவுக கேட்டாக. கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாகளே. இப்பவாச்சும் போன் போட்டுச் சொல்லு.”

அந்த நேரத்தில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். ஒரு வக்து ஆறட்டும் என்று சொல்ல வாயெடுத்த கமர்ஜஹான், மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுக்காமல், அதையும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.